அறுகம்பையில் டிக்கெட் இல்லாத இரவுகள்: ஒலி, சட்டம், காது

மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து மச்சான் வருகிறார். அங்கே கோடைகால இசை விழாக்களை ஒட்டி வயல்வெளிகளில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி விடிய விடிய இலவசமாக ஆடுவார்கள் என்றும், நம் கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பையிலும் அதே காலத்தில் அதுதான் நடக்கிறது என்றும், ஆகவே டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிக்குக் காசைக் கொடுக்காமல் வெளியே நடக்கும் பார்ட்டிகளுக்கு மட்டும் போவோம் என்றும் மச்சான் சொல்கிறார். முடிந்தால் தாங்களே ஒரு ஒலிபெருக்கிச் செட்டை வாடகைக்கு எடுத்துக் கடற்கரையில் போடலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருக்கிறது. 19 வயதுத் தங்கச்சியும் கூட வரக் கேட்கிறாள். பொலிஸ் பிடிக்குமா, காது கெடுமா, போகலாமா என்பவை கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக நான் நினைக்கிறேன்: டிக்கெட் இல்லாத இடத்தில் நமக்கு யார் பொறுப்பு? போகலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பொறுப்பாளி யார் என்று போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஒலியமைப்பை முறையாகப் படித்தவன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கல்யாண வீடு, கடற்கரை விடுதி என்று நீண்ட காலமாக ஒலிபெருக்கி கட்டி வருகிறேன். ஒலியின் அளவு, மின்சாரம், அனுமதி எடுக்கும் நடைமுறை ஆகியவற்றை என் தொழிலாகவே அறிவேன். வைத்தியனும் சட்டத்தரணியும் அல்லன் என்பதால், காதின் உள்நிலை பற்றியும் சட்டம் பற்றியும் என் தொழிலுக்குத் தேவையாக இருந்து நிச்சயமாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மச்சான் சொல்லும் இங்கிலாந்துக் கதை உண்மைதான், ஆனால் அதை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரத் தெருக்களில் 1950களில் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாங்களே செய்து, இசைத்தட்டுப் போட்டு ஊரையே ஆடவைத்தவர்கள் சவுண்ட் சிஸ்டம் என்ற மரபைத் தொடக்கினார்கள். அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு அது லண்டனுக்குப் போனது. ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் நொட்டிங் ஹில் கார்னிவலில் இன்றும் தெருமுனைகளில் அவற்றைக் காணலாம். வயல்வெளியில் காசில்லாமல் கூடுவதற்கு வேறொரு வேர் உண்டு. ஸ்ரோன்ஹெஞ் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் அருகே 1974 முதல் 1984 வரை ஒவ்வொரு ஜூனிலும் ஓர் இலவச விழா நடந்தது. 1985இல் அங்கே போன வாகனத் தொடரைப் பொலிசார் வழிமறித்து அடித்துக் கலைத்தார்கள். பின்னர் 1992 மே மாதத்தில் காசில்மோர்ட்டன் என்ற பொதுநிலத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் கூடிப் பல நாட்கள் ஆடினார்கள். அதன் எதிரொலியாக வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம், இரவில் திறந்தவெளியில் உரத்த இசையோடு கூடுவோரைக் கலைக்கவும் ஒலிக் கருவிகளைப் பறிமுதல் செய்யவும் பொலிசாருக்கு அதிகாரம் கொடுத்தது. ஆகவே அங்கும் அது யாரும் தட்டிக்கேட்காத சுதந்திரம் அல்ல. எனக்கு அந்த மரபில் மதிப்பு உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பெட்டியைச் செய்தவர்களே அதைச் சுமந்து வந்து, கட்டி, இரவு முழுக்கப் பக்கத்தில் நின்று, விடிந்ததும் கழற்றினார்கள். ஒலி யாருடையது என்று கேட்டால் கைகாட்ட அங்கே ஓர் ஆள் இருந்தார்.

அறுகம்பையில் நடப்பது அதுவல்ல. நாங்கள் உல்லை என்று சொல்லும் அந்தக் கிராமம், பொத்துவிலிலிருந்து களப்புப் பாலத்தைத் தாண்டினால் வரும் ஒரே நீண்ட வீதி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் மழையைக் கொட்டும் காலத்தில் இங்கே வெயிலும் நல்ல அலையும் இருப்பதால், ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு சீசன். சீசனில் விடுதிக்காரர்கள் முறைவைத்து இசைபோடுகிறார்கள். வாசலில் காசு கேட்பதில்லை, உள்ளே விற்கும் சாப்பாட்டிலும் குடிவகையிலும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒலியமைப்பு பெரும்பாலும் வாடகைக்கு வந்தது. செட்டின் சொந்தக்காரர் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இருப்பார், கூட வந்த பொடியன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மேசையான மிக்சருக்குப் பின்னால் இருப்பான், டிஜே வேறொருவர், கூட்டுங்கள் என்று சொல்பவர் முதலாளி. இந்த நால்வரில் ஒலிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். டிக்கெட் விற்கும் நிகழ்ச்சியில் உங்கள் காசோடு சேர்ந்து ஓர் அமைப்பாளரின் பெயரும், வேலியும், முதலுதவியும், நிறுத்தும் நேரமும் வருகின்றன. இலவச இடத்தில் இவை இருக்கவும் கூடும், ஆனால் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போக முடியாது.

இன்னொன்றையும் மச்சானுக்குச் சொல்லுங்கள். அது வெறும் கடற்கரை அல்ல, ஊர். விடுதி வேலிக்குப் பின்னால் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன, பள்ளிவாசல் இருக்கிறது, விடியப் புறம் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதே சீசனில்தான் நம்முடைய ஆட்கள் உகந்தமலை முருகனிடமும் அங்கிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கும் பாதயாத்திரை போகும்போது அந்தப் பக்கமாக நடந்து போகிறார்கள். அந்த ஒலி அந்த ஊரில் யாரோ ஒருவரின் நித்திரையைக் கெடுக்கிறது.

பொலிஸ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பொது இடத்தில் ஒலிபெருக்கி போடப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். நடைமுறையில் அது அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுதிக் கேட்டு எடுப்பது. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரைக்கு அப்படி அனுமதி கொடுக்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்து, விசேட நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்குக்கு இடம் விட்டது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கு அது. தீர்ப்போ எல்லா மதத்தவருக்கும் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் பொதுவாக வந்தது. நம்முடைய கோயில் திருவிழாக்களுக்கு நான் கட்டும் ஒலிபெருக்கியும் அதற்கு உட்பட்டதுதான். இதற்கு மேலாக 1996ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள், பிரதேச சபைப் பகுதிகளுக்கு இரவில் 45 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற எல்லையை வைத்திருக்கின்றன. இரண்டு பேர் சாதாரணமாகக் கதைத்தாலே பக்கத்தில் 60 வரும் என்றால், பாஸ் எனும் தாழ்ந்த, இடிக்கும் ஒலியைக் கொடுக்கும் ஒரு பெட்டி அந்த எல்லையை எவ்வளவு தூரம் தாண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, அனுமதி எடுக்கும் கடமை ஒலியைப் போடுகிறவருடையது, கேட்க வந்தவருடையது அல்ல என்பதே. ஆகவே ஆடப் போனதற்காக மட்டும் உங்களுக்கு அச்சம் வேண்டாம். பொலிஸ் வந்து நிறுத்தச் சொன்னால் வாக்குவாதத்தில் நிற்காமல் விலகி நடப்பதே சரி. ஆனால் நீங்களே செட் எடுத்துப் போட்டால் கதை மாறும்: அனுமதி கேட்க வேண்டியவர் நீங்கள், இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். அந்த யோசனையை விட்டுவிடும்படி வேண்டிக் கேட்கிறேன். லண்டன்காரர்களுக்குப் பிடித்த ஒதுக்குப்புறமான கரைகள், பீனட் ஃபார்ம், யானைப்பாறை போன்றவை, பாணமைப் பக்கமாக யானை நடமாடும் நிலத்தை ஒட்டியவை. இரவில் அங்கே ஜெனரேற்றரும் பாஸ் பெட்டியுமாக இறங்குவது மனிதருக்கும் யானைக்கும் கேடு. கஞ்சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளைக்காரர் கையில் கண்டதால் அது இங்கே சட்டபூர்வமாகிவிடாது. போதைப்பொருள் விடயத்தில் பிடிபட்டால் ஆடவந்தவர் என்ற சலுகை எதுவும் இல்லை.

இனி காது. என் தொழிலில் நான் மிகவும் அக்கறைப்படுவது இதைப் பற்றித்தான், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திறந்தவெளியில் ஒரு சாதாரண ஸ்பீக்கர் அடுக்கிலிருந்து தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பெட்டிக்கு 2 மீற்றரில் 110 இருந்தால், 4 மீற்றரில் 104, எட்டில் 98, பதினாறில் 92, முப்பத்திரண்டில் 86. மறுபக்கத்தில், வேலைத்தலங்களுக்காக வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: 85 டெசிபலில் 8 மணித்தியாலம், அதிலிருந்து 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டிக்கு முன்னால் 2 மீற்றரில் நிற்பவரின் அன்றைய பங்கு இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகிறது; 16 மீற்றரில் நிற்பவர் ஒன்றரை மணித்தியாலம் நிற்கலாம்; 32 மீற்றரில், தென்னைமரத்தடியில், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கலாம். அதே பாட்டு, அதே இரவு. காதுக்கு வித்தியாசம் நீங்கள் எடுத்துவைக்கும் சில அடிகளில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூரத்தோடு ஒலி குறைவது பௌதிகம். பல பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் லைன் அரே முறையில் மட்டும் கிட்டத்தில் இதைவிட மெதுவாகக் குறையும். நேரக் கணக்கோ வருடக்கணக்கில் தினமும் வேலைசெய்கிறவர்களுக்காக வகுத்தது. ஒரு சீசனில் இரண்டு இரவு போகிறவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஒரே ஒலியில் ஒருவர் காது கெடுவதும் இன்னொருவர் காது தப்புவதும் ஏன் என்பதை முன்கூட்டியே அறியவும் வழியில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சிகளுக்கென்றே 2022இல் வெளியிட்ட நியமம் இருக்கிறது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், வந்தவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், ஒதுங்கி இருக்க அமைதியான இடம் வேண்டும். அறுகம்பையில் நீங்கள் போகும் இடத்தில் இந்த நான்கில் எது இருக்கிறது என்று பாருங்கள். உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் செத்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை என்பதும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

இரவு போகப் போக ஒலி ஏறுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் அல்ல. உரத்த ஒலியில் சில மணித்தியாலம் இருந்தால் எல்லோருடைய காதும் தற்காலிகமாக மந்தமாகும், மிக்சருக்குப் பின்னால் இருப்பவனுடைய காதும் அப்படியே. பத்து மணிக்குப் போதுமாக இருந்தது பன்னிரண்டு மணிக்கு அவனுக்குக் குறைவாகக் கேட்கிறது, விரல் ஏறுகிறது. அம்ப்ளிஃபையரின் முகப்பில் சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எப்போதாவது ஒரு தடவை சிமிட்டினால் சரி, பாஸ் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் எரிந்தால் ஒலி முறிந்துபோகிறது என்று பொருள், பாட்டில் சொல் தெளிவில்லாமல் கரகரக்கும். அந்த விளக்கையும் அந்தப் பொடியனையும் ஒரு நிமிடம் பாருங்கள். நல்ல ஒலியமைப்பாளன் மேசையை விட்டு எழுந்து கூட்டத்துக்குள் நடந்து, பின்னால் போய்க் கேட்டுவிட்டு வருவான். அவன் ஒரு தடவையும் எழும்பாத இடத்தில் நான் முன்வரிசைக்குப் போகமாட்டேன்.

அலைபேசியில் டெசிபல் காட்டும் செயலியை நம்பி நிற்க வேண்டாம். உரத்த ஒலியில் அலைபேசியின் மைக் அதற்குமேல் அளக்க முடியாமல் நிறைந்துவிடும். அதோடு, காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் வழக்கமான ஏ நிறையிடல் அளவு, 40 ஹேர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த பாஸை 34 டெசிபலுக்கு மேல் குறைத்துத்தான் காட்டும். நெஞ்சில் இடிக்கும் ஒலி திரையில் சின்ன எண்ணாகத் தெரிவது இதனால். கையளவுத் தூரத்தில் நிற்கும் ஆளோடு கத்தித்தான் கதைக்க முடிகிறது என்றால் அளவுகருவி தேவையில்லை, அது காதுக்கு அதிகம். பஞ்சும் கடதாசியும் பாஸுக்கு ஒன்றும் செய்யாது. ஃபார்மசியில் வாங்கும் நுரைக் காதடைப்பான் மலிவானது, ஆனால் வைக்கத் தெரிய வேண்டும்: சுத்தமான விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செவியை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைக்காததற்குச் சமம். மணல் ஒட்டிய விரலால் உருட்டாதீர்கள். சிறுபிள்ளைகளை அந்த ஒலிக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஊருக்கு ஏன் அவ்வளவு தூரம் கேட்கிறது என்று மச்சான் கேட்கக்கூடும். பகலில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது கிராமத்துப் பக்கம் ஒலி அவ்வளவாகப் போகாது. நள்ளிரவுக்குப் பின் காற்று விழுந்து, நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இளஞ்சூடாக இருக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்குகிறது. களப்பின் நீர்ப்பரப்பு அதைத் தடுக்காமல் பொத்துவில் கரைவரை விடுகிறது. 40 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். ஓலை வேலியும் பலகைச் சுவரும் அதற்கு ஒன்றுமில்லை. பாஸைச் சற்றுக் குறைத்து, பெட்டிகளைக் கடலை நோக்கித் திருப்பி வைக்கும் விடுதிகள் சில உண்டு. அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போங்கள் என்பதே என் சிபாரிசு, ஏனென்றால் அயலவரை நினைத்தவன் உங்களையும் நினைத்திருப்பான்.

மின்சாரத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடற்கரை நிகழ்ச்சியில் ஜெனரேற்றரிலிருந்து வந்த வயரின் இணைப்பு ஈர மணலில் கிடந்தது. ஒரு பொலித்தீன் பையைச் சுற்றி றப்பர் வளையம் போட்டிருந்தார்கள், பக்கத்தில் வெறுங்காலோடு ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 230 வோல்ற்றுக்கு அந்தப் பை ஒரு காவலும் அல்ல. காய்ந்த மணலில் அடித்த எர்த் கம்பியும் பேருக்குத்தான். ஈரம் வரும் ஆழத்துக்கு அது இறங்க வேண்டும், ட்ரிப் சுவிட்ச் வேலைசெய்ய வேண்டும். இவற்றை நீங்கள் சோதிக்க முடியாது, ஆனால் வயர் நிலத்தில் கிடக்கிறதா தூணில் தூக்கிக் கட்டியிருக்கிறதா என்பது எவருக்கும் தெரியும். பெட்டி அடுக்கின் கீழே பலகை போட்டிருக்கிறதா, நாடாவால் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மணல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் மணலில் நிற்கும் அடுக்குக்கு அருகே நிற்கவோ சாயவோ வேண்டாம்.

தங்கச்சி விடயத்தில், அவள் வரலாமா என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும். வருவதானால் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பது சட்டப்படி குற்றம் என்பது அவளுக்கும் விற்பவருக்கும் தெரிந்திருக்கட்டும். பானத்தைக் கையைவிட்டு வைக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. எந்த விடுதியில் தங்குவது, யாரோடு திரும்புவது என்பவை பகலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். அவசர அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஆதார வைத்தியசாலை பொத்துவிலில் இருக்கிறது. குடித்தவர் எவரும், நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும், இரவில் கடலில் இறங்கக் கூடாது. பாட்டு முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்புக்கு ஓடவும் வேண்டாம். நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம், நித்திரைக் கண். பாணமை வீதியிலும் லாகுகலைப் பக்கமும் யானை இரவில் வீதியைக் கடக்கும். விடிந்தபின் பஸ் எடுங்கள்.

வீடு வந்தபின் காதில் இரைச்சல் இருந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். அந்த நாட்களில் ஹெட்போன் வேண்டாம், உரத்த சத்தம் வேண்டாம். அடங்காமல் நீடித்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே போங்கள். திடீர்ச் செவிப்புலன் இழப்புக்கு மருந்து தொடங்கும் நாள் தள்ளிப்போகப் போக, திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது.